ஏலா வழியே ஓர் ஓடை

பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பகுதிகளில் நிலம் சமதளமாக இராது. செம்மண் மேடும் பள்ளமும் மாறி மாறி வரும். மேட்டுத் தோட்ட நிலத்தை இங்குள்ளோர் ‘விளை’ என்பர். இரு மேடுகளுக்கு இடையே நீண்டு கிடக்கும் நெல்வயற் பள்ளத்தை ‘ஏலா’ என்பர். இஞ்சிவிளை, களியக்காவிளை ஆகிய பெயர்களில் மேட்டு நிலம் இருக்கிறது. நெய்யாற்றின்கரை, குழித்துறை ஆகிய பெயர்களில் ஆறு இருக்கிறது. வரைபடம் அறியாத முன்னோர்க்கு ஊர்ப்பெயரே வரைபடம்.

ஏலாவின் ஊடே செல்லும் சிறு நீரோட்டம் தமிழில் ஓடை, மலையாளத்தில் ‘தோடு’. தோடு என்றால் காதணி என்றே அறிந்த தமிழ்ப் பிள்ளை, “தோட்டில் இறங்காதே” என்று அயலார் சொல்லக் கேட்டுத் திகைப்பதில் வியப்பில்லை. ஆனால் அதே ஓடைக் கரையில் வளரும் தாழையை மலையாளத்தார் ‘கைத’ என்னும்போது திகைக்க வேண்டுவதில்லை. ‘கைதை’ என்பது தாழைக்குரிய பழந்தமிழ்ப் பெயர். சங்க நூல்களில் வழங்குவது.

மழை நின்று பல நாள் ஆன பின்னும் ஓடையில் நீர் ஓடுவது எவ்வாறு? விளைகளின் அடியில் இருப்பது செம்புரைக்கல். துளைகள் நிறைந்த அக்கல்லின் வழியே மழைநீர் மெல்ல இறங்குகிறது. கீழே நீர் புகாத களிமண்ணைத் தொட்டதும் பக்கவாட்டில் கசிந்து, மேட்டின் அடிவாரத்தில் ஊற்றாக வெளிப்படுகிறது. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை ஆகிய இரண்டும் இப்பகுதிக்கு உண்டு. ஆகவே ஆனியிலும் ஐப்பசியிலும் ஓடை பெருகும். மாசி, பங்குனியில் மெலியும்.

பெருகிய நீரைத் தாங்கி வைத்தவை நெல்வயல்களே. வயலை மேடாக்கி வாழையும் மரச்சீனியும் நட்டனர். பின்னர் மண் நிரப்பி வீடும் கட்டினர். தங்க இடமற்ற நீர் ஐப்பசியில் சாலைக்கு ஏறுகிறது. பங்குனியில் கிணறு வறள்கிறது. நெல்வயல்களையும் ஈரநிலங்களையும் காக்கக் கேரளம் 2008-ஆம் ஆண்டு தனிச்சட்டமே இயற்ற நேர்ந்தது.

நெய்யாற்றை நோக்கிச் சரியும் ஏலாக்களின் நீர் ஆற்றோடு கூடிப் பூவாறில் கடலை அடைகிறது. அங்கே அலைகள் மணல்திட்டை எழுப்பி ஆற்றின் வாயை அடைப்பதும், வெள்ளம் அதனை உடைப்பதும் உண்டு. அவ்விடத்திற்குப் ‘பொழி’ என்று பெயர். குமரி மாவட்டத்திலும் பொழிக்கரை என்றோர் ஊர் உள்ளது.

1956 நவம்பர் 1 அன்று மொழிவழி எல்லை வகுக்கப்பட்டபோது நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்திலும் விளவங்கோடு வட்டம் தமிழ்நாட்டிலும் அமைந்தன. நெய்யாற்று அணையின் இடதுகரைக் கால்வாய் அவ்வெல்லையைக் கடந்து விளவங்கோட்டு வயல்களுக்கும் நீர் கொடுத்தது. 2004-இல் அது நின்றது. நீர்ப்பிடிப்பு முழுவதும் தன் எல்லைக்குள் இருப்பதால் நெய்யாறு மாநில ஆறே என்பது கேரளத்தின் வாதம். இரு மாநிலத்துக்கும் உரிய ஆறு என்பது தமிழ்நாட்டின் வாதம். 2012-இல் தமிழ்நாடு உச்சநீதிமன்றத்தை நாடியது. ஓர் ஓடை எம்மேட்டில் பிறந்து எப்பக்கம் சரிகிறது என்னும் எளிய நிலவியல் வினா, அவ்வழக்கில் உழவரின் வயலுக்குரிய வினாவாயிற்று.

பயிற்சி

1. விளை, ஏலா: வேறுபடுத்தி எழுதுக.
2. மழையில்லா நாளிலும் ஓடையில் நீர் இருப்பது ஏன்?
3. உம் வீட்டருகே உள்ள ஓடை எங்குத் தோன்றி எதனோடு கலக்கிறது? பெரியோரைக் கேட்டு வரைபடம் வரைக. அதன் கரையிலுள்ள மூன்று இடப்பெயர்களையும் குறிக்க.