குழந்தை வாசிக்கத் திணறுகிறதா? டியூஷனுக்கு முன் பார்க்க வேண்டியவை

மூன்றாம், நான்காம் வகுப்பு வந்த பிறகும் குழந்தை ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டித்தான் படிக்கிறது என்றால், நம் வீடுகளில் உடனே எடுக்கிற முடிவு டியூஷன். அங்கே நடப்பதோ பெரும்பாலும் வீட்டுப்பாடமும் கேள்வி பதில் மனப்பாடமும்தான். வாசிக்க வராத குழந்தை காதால் கேட்டு ஒப்பித்தே அதில் தேறிவிடும். மதிப்பெண் வரும், வாசிப்பு வராது. எந்த இடத்தில் தடுக்கிறது என்று பார்த்து, அதைச் சரிசெய்யத் தெரிந்தவரிடம் போக வேண்டும். அந்த உதவியில் பெரும்பகுதி காசில்லாமலே கிடைக்கிறது. நாம்தான் கேட்பதில்லை.

1. முதலில் கண்ணும் காதும். புத்தகத்தை மூக்கருகே பிடிப்பது, கண்ணைச் சுருக்குவது, அடிக்கடி தலைவலி என்பது, டிவி சத்தத்தைக் கூட்டுவது, கூப்பிட்டால் திரும்பாதது, இதில் எது இருந்தாலும் மருத்துவரிடம் காட்டிவிட்டு மற்றதை யோசியுங்கள். அரசுப் பள்ளிகளில் கண் பரிசோதனை செய்து இலவசக் கண்ணாடி தருகிறார்கள். உங்கள் குழந்தைக்குப் பார்த்தார்களா என்று பள்ளியில் கேளுங்கள். அடிக்கடி சளி பிடித்துக் காது அடைக்கிற குழந்தைக்கு எழுத்தின் ஒலியே சரியாகக் காதில் விழாமல் போயிருக்கலாம்.

2. வீட்டில் ஒரு சின்னச் சோதனை. ஒரு வகுப்பு கீழேயுள்ள புத்தகத்தில், குழந்தை இதுவரை பார்க்காத பக்கத்தைப் படிக்கச் சொல்லுங்கள். நடத்திய பாடம் வேண்டாம், அது மனப்பாடமாக வந்துவிடும். திருத்தாமல் கேட்டு, ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். எழுத்தே தெரியவில்லையா? எழுத்து தெரிந்தும் கொம்பும் காலும் சேரும்போது குழம்புகிறதா? (கொ, கோ இரண்டிலும் குறி எழுத்தின் இரு பக்கமும் நிற்பதால் பல குழந்தைகள் இங்கேதான் விழுகின்றன.) பிழையில்லாமல் படித்தும் மிக மெதுவாகப் போகிறதா? சரளமாகப் படித்துவிட்டு என்ன கதை என்று கேட்டால் விழிக்கிறதா? நாலும் நாலு வேறு பிரச்சினை. “படிக்க மாட்டேங்குது” என்று ஆசிரியரிடம் பொதுவாகச் சொல்வதைவிட இந்த நோட்டைக் காட்டுவது பத்து மடங்கு உபயோகம்.

3. ஆங்கில வழியில் படிக்கிற குழந்தையென்றால் தமிழிலும் வாசிக்க வைத்துப் பாருங்கள். தமிழ் வந்து ஆங்கிலம் மட்டும் வரவில்லையென்றால், பெரும்பாலும் அது அந்த மொழி போதிய அளவு காதில் விழாததால் வருவது. வீட்டில் யாரும் பேசாத மொழியில் ஒரு குழந்தை வாசிக்கத் திணறுவதில் வியப்பென்ன? இரண்டு மொழியிலும் எழுத்து நன்றாகச் சொல்லிக்கொடுத்திருந்தும் திணறினால்தான் கூடுதல் கவனம் வேண்டும்.

4. வகுப்பாசிரியரைத் தனியாகப் பாருங்கள். பெற்றோர் கூட்டத்தில் நாலு பேர் நடுவே இதைக் கேட்காதீர்கள், குழந்தையைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டும் பேசாதீர்கள். தமிழக அரசுப் பள்ளிகளின் தொடக்க வகுப்புகளில் 2022 முதல் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் நடக்கிறது. குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துக் கற்பிக்கும் முறை இது. “எந்த நிலையில் இருக்கிறாள், அடுத்த நிலைக்கு என்ன வர வேண்டும்?” என்று கேட்டால் தெளிவான பதில் கிடைக்கும்.

5. 2021-இல் தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’ அரசுத் திட்டத்தில் தன்னார்வலர்கள் மாலை நேரத்தில் சொல்லிக்கொடுத்து வந்தார்கள். உங்கள் தெருப்பக்கம் மையம் இப்போது நடக்கிறதா என்று தலைமையாசிரியரிடம் விசாரியுங்கள்.

6. தினமும் பதினைந்து நிமிடம் சேர்ந்து வாசியுங்கள். நீங்களும் குழந்தையும் ஒரே வரியை ஒரே நேரத்தில், குழந்தையின் வேகத்தில் வாய்விட்டுப் படிக்க வேண்டும். தைரியம் வந்ததும் குழந்தை உங்கள் கையைத் தட்டட்டும், நீங்கள் நிறுத்திக்கொள்ளுங்கள். தடுக்கினால் நாலைந்து விநாடி பொறுத்து, சொல்லைச் சொல்லிக் கொடுத்துவிட்டு மறுபடி சேர்ந்துகொள்ளுங்கள். “நேத்துதானே சொன்னேன்!” என்ற வசனம் கூடாது. அதே பத்தியை மறுநாளும் அதற்கு மறுநாளும் படிப்பதில் தவறில்லை, வேகம் அப்படித்தான் கூடும். அப்பா அம்மா இருவரும் வேலைக்குப் போகிற வீட்டில் இதைப் பாட்டியோ அத்தையோ பள்ளியில் படிக்கிற அக்காவோ செய்யலாம். பொறுமை உள்ளவர் யாரோ அவர் செய்வதே நல்லது.

7. எழுத்துக்கு முன் ஒலி. ‘பட்டம்’ என்றால் ப, ட், ட, ம் என்று விரல் விட்டுப் பிரிப்பது, ஒருவர் சொன்ன சொல்லின் கடைசி எழுத்தில் அடுத்தவர் தொடங்குவது, இவற்றைப் பேருந்திலும் சமையலறையிலும் விளையாடலாம். நோட்டுப் புத்தகமே வேண்டாம்.

8. குழம்புகிற எழுத்துகளை ஒரே நாளில் சேர்த்துக் கற்பிக்காதீர்கள். ண பழகி நன்றாக நின்ற பிறகு ன. ‘மூணு சுழி, ரெண்டு சுழி’ என்று வாயால் சொல்லியபடியே தட்டில் பரப்பிய அரிசியில் விரலால் எழுதட்டும். விஜயதசமி அன்று மட்டும்தான் அரிசியில் எழுத வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை.

9. வயதுக்கேற்ற புத்தகம் வேண்டாம், வாசிப்புக்கேற்ற புத்தகம் வேண்டும். ஒரு பக்கத்தில் தடுக்கும் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு விரலை மடக்கச் சொல்லுங்கள். ஐந்தும் மடங்கினால் அந்தப் புத்தகம் இப்போதைக்குக் கடினம். பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கச் சிறு நூல்கள் நுழை, நட, ஓடு, பற என்ற படிகளில் வந்துள்ளன, பள்ளியில் கேளுங்கள். பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் நிலைவாரியாக இலவசம்.

10. எப்போது சந்தேகப்பட வேண்டும்? ‘தாரே ஜமீன் பர்’ படம் (2007) வந்த பிறகு, எழுத்தைத் திருப்பி எழுதினாலே டிஸ்லெக்சியா (வாசிப்புக் குறைபாடு) என்று பயப்படுகிறவர்கள் உண்டு. ஆறேழு வயதுவரை அது சகஜம். பேச்சில் கெட்டியாக இருக்கிற குழந்தை, வீட்டிலும் பள்ளியிலும் சில மாதம் ஒழுங்காகப் பழக்கிய பிறகும் நகரவில்லை, குடும்பத்தில் வேறு யாருக்காவது இந்தச் சிரமம் இருந்திருக்கிறது என்றால் சோதித்துப் பார்ப்பது நல்லது. தமிழில் டிஸ்லெக்சியா தப்பும் தவறுமாக வாசிப்பதைவிட ஆமை வேகத்தில் வாசிப்பதாக வெளிப்படக்கூடும். சோம்பேறி என்று பட்டம் கட்டிவிடாதீர்கள்.

11. சோதனைக்கு எங்கே போவது? அரசுப் பள்ளியென்றால் வட்டார வள மையத்தில் சிறப்புப் பயிற்றுநர்கள் இருக்கிறார்கள், தலைமையாசிரியர் வழியாகக் கேளுங்கள். மாவட்ட அளவிலான அரசு மருத்துவமனைகளில் உள்ள இடையீட்டுச் சேவை மையங்களில் 18 வயதுவரை இலவசமாகப் பார்க்கிறார்கள். சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் இதற்கென்றே இயங்குகிறது. முட்டுக்காட்டில் மத்திய அரசின் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் உள்ளது.

12. தனியார் சிறப்பாசிரியரிடம் போவதாக இருந்தால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு எண்ணைக் கேளுங்கள். தகுதியுள்ளவர் தயங்காமல் காட்டுவார். ஞாபகசக்தி டானிக்குக்குக் காசைக் கொட்ட வேண்டாம். வண்ணக் கண்ணாடி, கண் பயிற்சி ஆகியவற்றால் டிஸ்லெக்சியா தீரும் என்பதற்கு ஆதாரமில்லை என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களும் கண் மருத்துவர்களும் 2009-லேயே கூட்டறிக்கை வெளியிட்டுவிட்டார்கள். நம் ஊரில் இன்னும் விற்கிறார்கள்.

13. குறைபாட்டுச் சான்றிதழ் என்றால் பயப்படாதீர்கள். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அங்கீகரித்த 21 வகைகளில் டிஸ்லெக்சியாவை உள்ளடக்கிய குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் ஒன்று. பொதுவாக எட்டு வயதுக்குப் பிறகே சான்று தருவார்கள். தமிழகத்தில் பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வுகளில் இந்தக் குழந்தைகளுக்குக் கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்வதை எழுதுபவர், ஒரு மொழிப்பாட விலக்கு போன்ற சலுகைகள் உண்டு. பள்ளி மூலமாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும். தேர்வு நெருங்கிய பிறகு ஓடினால் மருத்துவச் சான்று, தேர்வுத் துறை அனுமதி இரண்டுக்கும் நேரம் போதாது. எட்டாம் வகுப்பிலேயே தலைமையாசிரியரிடம் பேச்சைத் தொடங்கிவிடுங்கள். யாரைக் கேட்பது என்றே தெரியாவிட்டால், பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417.