நெல் தாளடியில் உளுந்து: ஈரம் போகும் முன் விதையுங்கள்

காவிரி டெல்டாவில் சம்பா, தாளடி அறுவடைக்குப் பின் வயலைச் சும்மா போட வேண்டாம். உழவு, பாசனச் செலவு இல்லாமல், மண்ணில் மிஞ்சிய ஈரத்திலும் பனியிலும் 70–75 நாளில் உளுந்து எடுக்கலாம்.

● பட்டம்: தை மாதம். தள்ளிப்போனால் வெயிலில் பூ உதிரும்.

● பதம்: மண் மெழுகு பதத்தில் இருக்க வேண்டும். கையால் அறுப்பதானால் 5–10 நாள் முன்பே நிற்கும் நெல்லுக்குள் விதையைத் தூவுங்கள்.

● இயந்திர அறுவடையா? முளைவிட்ட செடி சக்கரத்தில் நசுங்கும். அறுப்பதற்குச் சற்று முன்பு தூவுங்கள்; விதையையும் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள்.

● விதை: ஏக்கருக்கு 10 கிலோ. ஆடுதுறை 3 நெல் தரிசுக்கு ஏற்றது. ரைசோபியம் கலந்து நிழலில் உலர்த்தி விதைத்தால் வேர்முடிச்சு நன்றாகப் பிடிக்கும்.

● இலைவழி உரம்: அடியுரம் போட வழியில்லாததால் இதுதான் கைகொடுக்கும். 4 கிலோ டிஏபியை 20 லிட்டர் நீரில் இரவு ஊறவைத்து, தெளிவை மட்டும் வடித்து, 200 லிட்டராக்கி ஓர் ஏக்கருக்கு மாலையில் தெளியுங்கள். பூக்கும்போது ஒரு முறை, 15 நாள் கழித்து மறுமுறை.

● மஞ்சள் தேமல்: வெள்ளை ஈ பரப்பும் நோய். முதலில் தெரியும் செடிகளை உடனே பிடுங்கி அழியுங்கள்.

● கூடுதல் லாபம்: பொட்டு மாட்டுக்குத் தீவனம்; வேர் மண்ணுக்குத் தழைச்சத்து.

நீர் வசதி இருந்தால் பருத்தி, எள்ளும் யோசிக்கலாம்.