கன்னி மரியாளின் சரணாகதி

டிசம்பர் பிறந்தால் நம் குடியிருப்புகளில் காகித நட்சத்திரங்கள் தொங்கத் தொடங்கிவிடுகின்றன. கான்வென்டில் படிக்கும் நம் பிள்ளைகள் தேவதூதராகவும் ஆட்டிடையராகவும் வேடமிட்டு நடிக்கிறார்கள். நாடகம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் கேட்கிறார்கள்: "கல்யாணம் ஆகாம குழந்தை எப்படிம்மா பிறக்கும்?" பெரும்பாலான வீடுகளில் இதற்குக் கிடைக்கும் பதில், "அது சாமி கதை, பேசாம சாப்பிடு" என்பதுதான். கிறிஸ்தவ வீடுகளிலும் நிலைமை அதிகம் மாறுபட்டதாகத் தெரியவில்லை. ஆனால் கேள்வி நல்ல கேள்வி. முதன்முதலில் அதைக் கேட்டவளே மரியாள்தான்.

புதிய ஏற்பாட்டில் உள்ள நான்கு சுவிசேஷங்களில் இரண்டு மட்டுமே இயேசுவின் பிறப்பை விவரிக்கின்றன. மாற்குவும் யோவானும் பிறப்புக் கதைக்குள் போவதில்லை. மத்தேயு யோசேப்பின் பக்கம் நின்று சொல்கிறார். லூக்கா மரியாளின் பக்கம் நின்று சொல்கிறார். கிழக்கிலிருந்து வந்த சாஸ்திரிகள் மத்தேயுவில் மட்டும் வருகிறார்கள், ஆட்டிடையர்கள் லூக்காவில் மட்டும். எல்லாரையும் ஒரே குடிலில் நிறுத்தி வைத்தது பின்னால் வந்த பக்தி. என்றாலும், மரியாள் கன்னியாயிருக்கும்போதே பரிசுத்த ஆவியினால் கருவுற்றாள் என்பதில் இருவரும் ஒன்றுபடுகிறார்கள்.

லூக்காவின் முதல் அதிகாரத்தைக் கவனமாகப் படித்தால் ஒரு வேடிக்கை புலப்படும். மரியாளுக்கு முன்பாக, எருசலேம் ஆலயத்தில் தூபம் காட்டிக்கொண்டிருந்த சகரியா என்ற வயோதிக ஆசாரியருக்கு காபிரியேல் தூதன் தோன்றி, அவருக்கு ஒரு மகன் பிறப்பான் என்கிறான். நானும் என் மனைவியும் வயதானவர்களாயிற்றே, இதை எப்படி நம்புவது என்று அவர் கேட்கிறார். உடனே வாய் அடைத்துப் போகிறது; குழந்தை பிறந்து எட்டாம் நாள் பெயரிடும்வரை பேச்சு வரவில்லை. ஆறாம் மாதத்தில் அதே தூதன் கலிலேயா நாட்டு நாசரேத்துக்கு வருகிறான். மரியாளும் கேள்வி கேட்கிறாள்: கணவனோடு வாழாத எனக்கு இது எப்படி நடக்கும்? அவளுக்குத் தண்டனை இல்லை. விளக்கம்தான் கிடைக்கிறது.

ஏன் இந்த வேற்றுமை? சகரியா ஆதாரம் கேட்டார், மரியாள் வழி கேட்டாள் என்பது பிரசங்கிகள் வழக்கமாகத் தரும் விளக்கம். சரியான விளக்கம்தான், ஆனால் முழுமையானதல்ல. ஆதியாகமத்தில் ஆபிரகாமும் சகரியாவைப் போலவே, இதை எதனால் அறிவேன் என்று கேட்டார். அவர் வாய் அடைக்கப்படவில்லை. என் மனத்துக்குப் படுவது இது: முதுமையில் பிள்ளை பெற்ற ஆபிரகாம்-சாராள் கதையைச் சகரியா காலமெல்லாம் ஓதியவர். அவர் முன் ஒரு முன்மாதிரி இருந்தது. மரியாளுக்கு அப்படி எதுவும் இல்லை. இதற்குமுன் எந்தப் பெண்ணுக்கும் நடக்காத ஒன்றை ஏற்கச் சொன்னால், எப்படி என்று கேட்காமல் வேறு என்ன செய்வாள்? விசுவாசம் என்றால் கேள்வியே கேட்காதிருப்பது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பவர்கள் இந்தப் பகுதியை ஒருமுறை படிக்க வேண்டும்.

தூதன் தந்த பதிலும் கவனிக்கத்தக்கது. உன்னதரின் வல்லமை உன்மேல் நிழலிடும் என்பது அதன் கருத்து. கிரேக்க புராணங்களில் தேவர்கள் பெண்களைக் கூடிப் பிள்ளை பெறும் கதைகள் ஏராளம். இங்கே அத்தகைய சேர்க்கை ஏதும் இல்லை. ஒரு நிழல் மட்டுமே. லூக்கா பயன்படுத்தும் அதே கிரேக்க வினைச்சொல், யாத்திராகமத்தின் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில், ஆசரிப்புக் கூடாரத்தின்மேல் மேகம் வந்து தங்கியதைச் சொல்ல வருகிறது. வனாந்தரத்தில் கூடாரத்தின்மேல் இறங்கிய சந்நிதி இப்போது ஒரு கிராமத்துப் பெண்ணின்மேல் இறங்குகிறது என்பதே கிறிஸ்தவர் இதில் காணும் பொருள். குடை நிழல், தாள் நிழல் என்றெல்லாம் பாடிப் பழகிய தமிழருக்கு இது எளிதில் விளங்கும்.

இந்த நம்பிக்கை எதிர்ப்பே இல்லாமல் நிலைத்துவிடவில்லை. கிறிஸ்துவுக்கு முன் எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த ஏசாயா தீர்க்கதரிசியின் வாக்கு இதில் நிறைவேறியதாக மத்தேயு எழுதுகிறார். அங்குள்ள 'அல்மா' என்ற எபிரெயச் சொல்லுக்கு இளம்பெண் என்பதே பொருள் என்று யூத அறிஞர்கள் அன்றே மறுத்தார்கள். கிரேக்க மொழிபெயர்ப்போ 'பார்த்தெனோஸ்', அதாவது கன்னி என்றது. இரண்டாம் நூற்றாண்டில் ஜஸ்டின் எழுதிய நூலில் இந்த வாதம் நீளமாக நடக்கிறது. நம் 'கன்னி' என்ற சொல்லிலும் இரண்டு பொருளும் இருப்பதால் தமிழில் படிப்பவருக்குச் சண்டை புரியாமலே போய்விடக்கூடும்! எப்படியானாலும் திருச்சபை தன் நிலையில் உறுதியாக நின்றது. கி.பி. 381-ஆம் ஆண்டுக் கான்ஸ்டான்டினோபிள் சங்கத்தின் பெயரோடு இணைத்துச் சொல்லப்படும் விசுவாச அறிக்கையில் இது இடம்பெற்று, இன்றும் ஆலயங்களில் ஓதப்படுகிறது.

இஸ்லாமிய அன்பர்களும் இதை ஏற்கிறார்கள் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. குர்ஆனின் 19-ஆம் அத்தியாயத்துக்கு மர்யம் என்றே பெயர். இயேசுவைத் தேவகுமாரன் என்பதை அவர்கள் ஏற்பதில்லை; கன்னியிடம் பிறந்தார் என்பதை நம்புகிறார்கள். இன்னொன்று. கத்தோலிக்கர் டிசம்பர் 8-ஆம் தேதி கொண்டாடும் 'அமலோற்பவம்' இயேசு கருவானதைப் பற்றியது என்று பலர் எண்ணுகிறார்கள். அது மரியாள் தன் தாயின் வயிற்றில் மாசின்றிக் கருவானதைப் பற்றியது. 1854-இல் பாப்பரசர் ஒன்பதாம் பத்திநாதர் பிரகடனம் செய்த கோட்பாடு.

சரி, சரணாகதிக்கு வருவோம். மரியாள் அப்போது யோசேப்புக்கு நிச்சயிக்கப்பட்டவள். யூத வழக்கில் நிச்சயம் என்பது நம் நிச்சயதாம்பூலம் போன்றதல்ல; சட்டப்படி அவள் மனைவி, விலக்க வேண்டுமானால் தள்ளுதற்சீட்டு கொடுக்க வேண்டும். நிச்சயிக்கப்பட்ட பெண் வேறொருவனோடு கூடினால் கல்லெறிந்து கொல்ல உபாகமம் இடமளிக்கிறது. அவ்வளவு தூரம் போகாவிட்டாலும், ஊர் வாய் இருக்கிறதே! இதையெல்லாம் அறிந்துதான், நான் ஆண்டவரின் அடிமை, அவர் சொன்னபடியே ஆகட்டும் என்ற கருத்தில் அவள் பதில் சொன்னாள்.

சரணாகதி என்றால் நமக்கு நினைவுக்கு வருபவன் விபீஷணன். அவன் எல்லாவற்றையும் விட்டுக் கடல் தாண்டி அடைக்கலம் தேடி வந்தான்; அபயம் கிடைத்தது. மரியாளோ இருந்த இடத்திலேயே சரணடைந்தாள். அதன் பிறகுதான் அவளுக்கு அபாயமே தொடங்கியது. அவள் சம்மதிக்கும்வரை தூதன் காத்து நின்றான் என்பதை மறந்துவிடலாகாது. அவளிடம் கேட்காமல் எதுவும் நடக்கவில்லை.

யோசேப்பை நாம் அதிகம் பேசுவதில்லை. அவர் பேசிய ஒரு சொல்கூட எந்தச் சுவிசேஷத்திலும் பதிவாகவில்லை. மனைவியாகப் போகிறவள் கருவுற்றிருக்கிறாள் என்று அறிந்தும் அவளை அவமானப்படுத்த மனமில்லாமல், இரகசியமாக விலக்கிவிட எண்ணினார். அந்த இரவில் ஒரு கனவு. எழுந்தார், அவளை மனைவியாக ஏற்றுக்கொண்டார். மத்தேயுவில் அவருக்கு மொத்தம் நான்கு கனவுகள். ஒவ்வொன்றுக்கும் அவர் தந்த பதில் எழுந்து நடந்ததுதான்: எகிப்துக்கு, மறுபடி இஸ்ரவேலுக்கு, பிறகு நாசரேத்துக்கு. கைக்குழந்தையோடு மொழி தெரியாத ஊருக்குப் போய்க் குடியேறுவது எப்படி இருக்கும் என்று இந்தப் பத்திரிகையின் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. இத்தாலியிலிருந்து வந்து தமிழ் கற்ற வீரமாமுனிவர், 1726-இல் முடித்த தேம்பாவணிக்கு இந்த யோசேப்பையே காப்பியத் தலைவனாக்கி, 'வளன்' என்று பெயரிட்டு, 3615 பாடல்கள் பாடினார். பேசாத மனிதருக்கு அவ்வளவு தமிழ்!

மரியாளுக்கு மறுபடி தூதன் வந்ததாக லூக்கா எழுதவில்லை. பெத்லகேமில் குழந்தை பிறந்த இரவிலும் தூதர்கள் வயல்வெளியில் ஆட்டிடையர்களுக்குத்தான் தோன்றினார்கள். அவர்கள் வந்து சொல்லித்தான் அவள் அறிந்தாள், மனத்தில் வைத்துக்கொண்டாள். பன்னிரண்டு வயதில் பிள்ளை எருசலேமில் காணாமல் போனபோது அவளும் யோசேப்பும் திரும்பிப் போய்த் தேடி, மூன்று நாளுக்குப் பின் ஆலயத்தில் கண்டார்கள். ஏன் இப்படிச் செய்தாய் என்று தாய் கேட்டாள். மகன் சொன்ன பதில் இருவருக்கும் புரியவில்லை என்று லூக்கா வெளிப்படையாகவே எழுதுகிறார். பிள்ளையை அழைத்துக்கொண்டு நாசரேத்துக்குத் திரும்பினார்கள்.