ஊதுகுழலும் மின்விளக்கும்

இத்தாலியில் வெனிஸ் நகரை அடுத்த முரானோ தீவு கண்ணாடிக் கலைக்குப் பெயர் பெற்றது. தீ விபத்துக்கு அஞ்சிய வெனிஸ் அரசு 1291-ஆம் ஆண்டில் உலைகளை இத்தீவுக்கு மாற்றியது.

1981-இல் இங்குத் தோன்றிய ஃபொஸ்காரினி என்னும் விளக்கு நிறுவனத்துக்குச் சொந்த உலை கிடையாது. வடிவமைப்பாளர் வரைந்த படம் கைவினைஞரின் பட்டறைக்குச் செல்கிறது. அங்கே அனுபவமிக்க ஆசான் உருகிய கண்ணாடியைக் குழலில் எடுத்து, ஊதி, உருவம் கொடுக்கிறார்.

இதில் அறிவியலும் உண்டு. தெளிந்த கண்ணாடிக்குள் எரியும் மின்விளக்கு கண்ணைக் கூசச் செய்யும். பால் நிறக் கண்ணாடியில் உள்ள நுண்துகள்கள் ஒளியைச் சிதறடிப்பதால் வெளிச்சம் மென்மையாகப் பரவுகிறது. இக்கண்ணாடியை வெனிஸ் கலைஞர்கள் 15-ஆம் நூற்றாண்டிலேயே செய்தனர். மின்விளக்கு பிறக்குமுன்பே அதற்கேற்ற பொருள் அவர்கள் கையில் இருந்தது! ஊதிய கண்ணாடி விரைவாகக் குளிர்ந்தால் உள்ளே இறுக்கம் ஏற்பட்டு விரிசல் விடும். ஆகவே அதை மெல்ல ஆறவிடுகின்றனர்.

எரிவாயு விலை ஏறிய 2021, 2022-ஆம் ஆண்டுகளில் முரானோவின் பல உலைகள் நிறுத்தப்பட்டன. உலை அணைந்தால் வரைபடம் தாளிலேயே நின்றுவிடும். ஏட்டறிவும் கையறிவும் கூடினால்தான் விளக்கு எரியும். பட்டம் பெறப்போகும் நாம், பட்டறையில் நிற்பவரும் கற்றவரே என்பதை உணர்வோமாக!