விதியாக இருந்த ‘வியர்ட்’

அன்புள்ள கயல்,

உன் கடிதம் வந்தது. வாட்ஸ்அப்பில் கேட்டுவிட்டுப் போகாமல் தாளில் எழுதிக் கேட்டிருக்கிறாய். அதற்காகவே கொஞ்சம் நீளமாகப் பதில் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்.

‘மாக்பெத்’ நாடகத்தில் வரும் மூன்று கிழவிகளை ஏன் ‘வியர்ட் சிஸ்டர்ஸ்’ என்கிறார்கள் என்பது உன் சந்தேகம். கடையில் வாங்கிய நோட்ஸில் ‘விசித்திரமான சகோதரிகள்’ என்று போட்டிருக்கிறதாம். “தாடி முளைத்த கிழவிகள் விசித்திரமானவர்கள் என்று பார்த்தாலே தெரிகிறதே சித்தப்பா, அதையே பேராக வைப்பானேன்?” என்று கேட்கிறாய். சரியான கேள்வி. நோட்ஸ் எழுதியவர் அதைத் தம்மிடமே ஒருமுறை கேட்டிருந்தால் அப்படி எழுதியிருக்க மாட்டார்.

ஷேக்ஸ்பியர் இந்த நாடகத்தை எழுதியது 1606 வாக்கில். அப்போது வியர்ட் என்ற சொல்லுக்கு ‘விசித்திரம்’ என்ற பொருளே கிடையாது. அந்தப் பொருள் பிறக்க இன்னும் இருநூறு ஆண்டு ஆக வேண்டியிருந்தது. வியர்ட் என்றால் விதி. ‘வியர்ட் சிஸ்டர்ஸ்’ என்றால் விதிச் சகோதரிகள்; தமிழில் கொஞ்சம் அழகாகச் சொன்னால் ஊழ்மகளிர். விதியின் பெயரைச் சூடி வந்த சொல், உன் வகுப்பில் யாராவது சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு வந்தால் “வியர்டா இருக்கே” என்று சொல்லும் அளவுக்கு எப்படி இறங்கியது என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

பழைய ஆங்கிலத்தில் இதன் வடிவம் ‘விர்ட்’. பெயர்ச்சொல். நிகழ்வது, நிகழ்ந்து முடிந்தது, ஒருவனுக்கு வாய்த்தது, விதி என்று பல பொருள். ‘ஆதல்’ என்ற பொருளுடைய ஒரு பழைய வினைச்சொல்லிலிருந்து கிளைத்தது. ஜெர்மன் மொழியில் ‘வெர்டன்’ என்று அந்த வினை இன்றும் உயிரோடு இருக்கிறது. ஆங்கிலம்தான் அதைத் தொலைத்துவிட்டது. இன்னும் பின்னே போனால் இந்தோ-ஐரோப்பிய மொழிகளுக்குப் பொதுவான ஒரு வேர் கிடைக்கிறது. அதன் பொருள் ‘திரும்புதல், சுழலுதல்’. லத்தீனில் ‘வெர்டெரே’ ஆனதும் சமஸ்கிருதத்தில் ‘வ்ருத்’ ஆனதும் அதே வேர்தான். உன் அண்ணன் மிருதங்கத்தில் தாளத்தை ஒரு சுற்று முடித்துச் சமத்துக்கு வருகிறானே, அந்த ‘ஆவர்த்தன’மும் அந்த வேரிலிருந்து வந்தது. மாக்பெத்தின் கிழவிகளுக்கும் கச்சேரியின் தனி ஆவர்த்தனத்துக்கும் இப்படி ஒரு தூரத்து உறவு.

இதில் ஒன்றைக் கவனி. லத்தீனில் விதியைக் குறிக்கும் ‘ஃபாட்டும்’ என்ற சொல்லுக்கு ‘சொல்லப்பட்டது’ என்று பொருள்; அதுதான் இன்றைய ஆங்கிலத்தின் ‘ஃபேட்’. நாம் சமஸ்கிருதத்திலிருந்து எடுத்துக்கொண்ட ‘விதி’ என்பது ‘வகுத்து வைக்கப்பட்டது’. ஆங்கிலத்தின் ‘டூம்’ என்ற சொல்லும் இந்த விதியின் வேரிலேயே பிறந்தது. வைக்கப்பட்ட சட்டம், அளிக்கப்பட்ட தீர்ப்பு என்பதே அதன் பழம்பொருள். இந்த மூன்றிலும் யாரோ ஒருவர் சொல்கிறார், யாரோ ஒருவர் வகுக்கிறார். விர்ட்டில் அப்படி ஆள் யாரும் இல்லை. சுழன்று சுழன்று ஆகி வந்து நின்றது எதுவோ அதுதான் விர்ட். எனக்கு இந்தச் சொல்லின் மேல் இருக்கும் பிரியத்துக்குக் காரணமே இதுதான்.

ஆனால் இதை வைத்துக்கொண்டு பழைய ஆங்கிலேயர் எல்லாரும் விதியை நொந்துகொண்டு காட்டில் உட்கார்ந்திருந்தார்கள் என்று கற்பனை செய்துவிடாதே. பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஜெர்மன் அறிஞர்கள் சிலர் அப்படித்தான் செய்தார்கள். விர்ட் என்ற சொல்லைக் கண்ட இடமெல்லாம் கிறித்துவத்துக்கு முந்திய ஒரு தெய்வத்தைக் கண்டார்கள். இ. ஜி. ஸ்டான்லி என்ற ஆய்வாளர் இந்தத் தேடலையே தம் கட்டுரைகளில் விசாரணைக் கூண்டில் ஏற்றினார். அந்தக் கட்டுரைகள் 1975இல் நூலாக வந்தன. நம் கைக்குக் கிடைத்திருக்கும் பழைய ஆங்கில ஏடுகள் எல்லாம் கிறித்துவர்கள் எழுதியவை, பெரும்பாலும் மடங்களில் எழுதப்பட்டவை. ‘பெயோவுல்ஃப்’ காவியத்தின் ஒரே சுவடி 1000ஆம் ஆண்டை ஒட்டியது. அதில் விர்ட் பலமுறை வருகிறது. ஓரிடத்தில் காவியத்தின் நாயகனான வீரன், துணிவு குன்றாதவனை விர்ட் பெரும்பாலும் காப்பாற்றிவிடும் என்ற கருத்தைச் சொல்கிறான். முயற்சியைக் கைவிட்டவன் பேச்சா இது?

இதைவிட அழகான இடம் ஒன்று உண்டு. போயீத்தியஸ் என்ற ரோமானியர் ஆறாம் நூற்றாண்டில் சிறையில் இருந்தபடி லத்தீனில் எழுதிய ‘தத்துவத்தின் ஆறுதல்’ என்ற நூலுக்கு ஆல்ஃபிரட் அரசர் பெயரில் வழங்கும் ஒரு பழைய ஆங்கில மொழியாக்கம் இருக்கிறது. கடவுளின் திட்டத்துக்கும் விர்ட்டுக்கும் என்ன உறவு என்று விளக்க வந்த மொழிபெயர்ப்பாளர் ஒரு வண்டிச் சக்கரத்தைக் கொண்டுவந்து நிறுத்துகிறார். லத்தீன் மூலத்தில் வட்டங்கள்தான் உண்டு, வண்டி இல்லை. அசையாமல் இருக்கும் அச்சு கடவுள். அச்சை ஒட்டிச் சுழலும் குடம் நல்லோர். ஆரக்கால்கள் நடுத்தரமானவர்கள். மண்ணிலும் கல்லிலும் உராய்ந்து அடிபடும் வட்டை, கடவுளை விட்டு விலகிய மற்றவர்கள். வண்டி போகும்போது எல்லாம் சுழல்கின்றன. அச்சுக்கு அருகில் இருப்பவனுக்குக் குலுக்கல் குறைவு. நம் ஊர்த் தச்சர்கூட ஒரு சொல்லையும் மாற்றாமல் இதைப் புரிந்துகொள்வார். சுழலுதல் என்ற வேரிலிருந்து வந்த சொல்லைச் சக்கரத்தால் விளக்கியவருக்கு அந்த வேர் தெரிந்திருக்க வழியில்லை. தற்செயல்தான்.

1066இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்தார்கள். அரண்மனையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சு ஏறியது. பிரெஞ்சு, லத்தீன் வழி வந்த ‘ஃபார்ச்சூன்’, ‘டெஸ்டினி’, ‘ஃபேட்’ எல்லாம் வரிசையாக நுழைந்தன. பதினான்காம் நூற்றாண்டின் கவிஞர் சாஸர் இந்தப் பழஞ்சொல்லை இன்னும் கையாளுகிறார் என்றாலும் பக்கத்திலேயே டெஸ்டினி என்றும் சொல்லிவிடுகிறார். அதற்குப் பின் தெற்கே அது மெல்ல வழக்கொழிந்தது. வடக்கே, ஸ்காட்லாந்தில் மட்டும் பிழைத்துக்கொண்டது. தன் வியர்டைத் தானே அனுபவித்துத் தீர்க்க வேண்டும் என்ற பொருளில் ஸ்காட்லாந்துக்காரர்கள் பேசிய பேச்சைப் பின்னாளில் வால்டர் ஸ்காட் நாவல்களில் பார்க்கலாம். ‘ஐ’ முன்னால், ‘ஈ’ பின்னால் என்று பள்ளியில் மனப்பாடம் செய்யச் சொன்ன எழுத்து விதியை இந்தச் சொல் மீறுகிறதே, அதுவும் அந்த ஸ்காட்லாந்து எழுத்துமுறையின் மிச்சம்தான்.

மாக்பெத்தும் ஸ்காட்லாந்துக்காரன் அல்லவா? 1040 முதல் 1057 வரை உண்மையாகவே ஆண்ட மன்னன். அவன் இறந்து ஏறத்தாழ முந்நூற்றறுபது ஆண்டுக்குப் பின், 1420 வாக்கில், ஆண்ட்ரூ ஆஃப் விண்டவுன் என்ற துறவி ஸ்காட்லாந்தின் வரலாற்றைச் செய்யுளில் எழுதினார். அதில் மாக்பெத் ஒரு கனவு காண்கிறான். கனவில் மூன்று பெண்கள் கடந்து போகிறார்கள். அவர்களை வியர்ட் சகோதரிகள் என்று அவன் நினைத்துக்கொள்கிறான். பின்னால் எழுதியவர்கள் கனவை நனவாக்கினார்கள். அந்தக் கதை லண்டனுக்கு வந்து ஹோலின்ஷெட்டின் வரலாற்று நூலில் 1577இல் அச்சேறியது. ஹோலின்ஷெட் ‘வியர்ட் சகோதரிகள்’ என்று எழுதிவிட்டு, கையோடு ‘அதாவது விதித் தெய்வங்கள்’ என்று விளக்கமும் சேர்க்கிறார். இல்லையென்றால் வனதேவதைகளோ மோகினிகளோ என்று இன்னொரு வாய்ப்பையும் சொல்லி வைக்கிறார். விளக்கம் தேவைப்பட்டது என்பதே லண்டன்காரர்களுக்கு அந்தச் சொல் மறந்துபோயிருந்ததற்குச் சாட்சி.

இந்த நூலின் 1587 பதிப்பைத்தான் ஷேக்ஸ்பியர் மேசைமேல் வைத்துக்கொண்டார். அதிலிருந்து சொல்லை எடுத்துக்கொண்டார், விளக்கத்தை விட்டுவிட்டார். அத்தனைக்கும் காரணம் அந்த ஒரு விடுபடல் என்பது என் கட்சி.

விளைவைப் பார். நாடகம் முதன்முதலாக அச்சானது ஷேக்ஸ்பியர் நாடகங்களின் 1623ஆம் ஆண்டுத் தொகுப்பில். அதில் இந்தச் சொல் ஆறு இடங்களில் வருகிறது. ஓரிடத்தில்கூட நாம் இன்று எழுதுவதுபோல் இல்லை. மூன்று இடத்தில் ‘வேவர்ட்’, மூன்று இடத்தில் ‘வேயர்ட்’ என்று படிக்கும்படி எழுத்துக்கள் இருக்கின்றன. படியெடுத்தவருக்கோ அச்சுக் கோத்தவருக்கோ சொல் பழக்கமில்லை போலும். ‘மனம்போன போக்கில் போகிற’ என்று பொருள்படும், தங்களுக்குத் தெரிந்த ‘வேவர்ட்’ என்ற சொல்லின் சாயலில் எழுதிவிட்டார்கள். (வேடிக்கை என்னவென்றால், அந்தச் சொல்லின் ‘வர்ட்’ என்ற வாலும் அதே ‘சுழல்’ வேரிலிருந்து வந்ததுதான்.) 1733இல் லூயிஸ் தியோபால்ட் என்ற பதிப்பாசிரியர்தான் ஹோலின்ஷெட்டைத் திருப்பிப் பார்த்து, இது வியர்ட் என்று கண்டுபிடித்துத் திருத்தினார். அந்தத் திருத்தத்தைத்தான் நீ உன் பாடப்புத்தகத்தில் படிக்கிறாய்.

சூனியக்காரிகள் என்று உன் நோட்ஸ் அடிக்கடி சொல்வதையும் கொஞ்சம் சந்தேகத்தோடு பார். மேடைக் குறிப்புகளில் அந்தச் சொல் உண்டு. ஆனால் பாத்திரங்களின் பேச்சில் யாரும் அவர்களை நேருக்கு நேர் அப்படி அழைப்பதில்லை. ஒரு மாலுமியின் பெண்டாட்டி தன்னை அப்படித் திட்டி விரட்டியதாக முதல் கிழவியே சொல்லும் இடம் மட்டும் உண்டு. 1611இல் குளோப் அரங்கில் இந்த நாடகத்தைப் பார்த்துக் குறிப்பெழுதி வைத்த சைமன் ஃபோர்மன் என்ற மருத்துவ-சோதிடர், மூன்று மோகினிகள் அல்லது வனதேவதைகள் வந்தார்கள் என்று எழுதுகிறார். கிழவிகள் என்றோ, சூனியக்காரிகள் என்றோ ஒரு சொல் இல்லை. அவரும் ஹோலின்ஷெட்டைப் படித்திருந்தாரோ என்னவோ.

பிறகு நடந்ததை எளிதாக ஊகிக்கலாம். தலைமுறை தலைமுறையாக மக்கள் அந்த நாடகத்தைப் பார்த்தார்கள். ‘விதி’ என்ற பழம்பொருள் தெரியாது. எதிரே நிற்பதோ கொப்பரையைக் கிண்டும் மூன்று உருவங்கள். வியர்ட் என்பது அந்த உருவங்களின் தோற்றத்தைச் சொல்லும் பெயரடை என்றே எடுத்துக்கொண்டார்கள். 1815ஐ ஒட்டி ஷெல்லியும், சற்றுப் பின் கீட்ஸும் ‘அமானுஷ்யமான, இனம்புரியாத’ என்ற பொருளில் அதைக் கவிதையில் எழுதினார்கள். அங்கிருந்து சரிவுதான். அமானுஷ்யம் விசித்திரமாயிற்று, விசித்திரம் கோணங்கித்தனமாயிற்று. 1923இல் அமெரிக்காவில் தொடங்கிய ‘வியர்ட் டேல்ஸ்’ என்ற பேய்க்கதைப் பத்திரிகையில் அந்தப் பழைய சிலிர்ப்பு கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. இன்றைக்கு அதுவும் போய்விட்டது.

அப்படியானால் நீங்கள் எல்லாரும் தப்பாகப் பேசுகிறீர்களா? இல்லவே இல்லை. மூலப்பொருள்தான் ‘உண்மையான’ பொருள் என்று வாதாடும் ஆட்கள் உன் கல்லூரியிலும் இருப்பார்கள்; அவர்கள் பேச்சைக் கேட்காதே. ஒரு சொல்லை ஒரு காலத்து மக்கள் எப்படிப் புழங்குகிறார்களோ அதுவே அந்தக் காலத்தில் அதன் பொருள். இந்தச் சொல்லின் இன்றைய பொருள் ஒரு தவறான புரிதலில் பிறந்தது என்பதால் செல்லாததாகிவிடாது. தப்பு எங்கே வருகிறது என்றால், இன்றைய பொருளை 1606இல் கொண்டுபோய்த் திணிக்கும்போது. உன் நோட்ஸ் செய்திருப்பது அதைத்தான்.

ஊழ்மகளிர் என்று வைத்துப் படித்தால் நாடகமே மாறுகிறது. விசித்திரக் கிழவிகள் உளறியதை ஒருவன் நம்பிக் கெட்டான் என்றால் அவன் வெறும் ஏமாளி. விதியே எதிரில் நின்று பேசியது என்று அவன் நம்புகிறான் என்றால், அவன் கையிலிருக்கும் கத்திக்கு யார் பொறுப்பு என்ற கேள்வி எழுகிறது. தனக்கு மகுடம் விதித்திருந்தால் தான் அசையாமலே அது வரட்டும் என்று முதலில் அவனே நினைக்கிறான். பிறகு பொறுக்க முடியாமல் மன்னன் டங்கனைக் கொல்கிறான். அந்த மூவரும் கொல் என்று ஓரிடத்திலும் சொல்லவில்லை.

தேர்வில் இந்தச் சொல்லுக்கு விளக்கம் கேட்டால் ‘விதிச் சகோதரிகள்’ என்று எழுது. ஹோலின்ஷெட்டின் பெயரையும் போடு. அதற்குமுன் மூன்றாம் அங்கத்தின் முதல் காட்சியை இன்னொரு தடவை படி. தொடக்கத்தில் மாக்பெத்தின் தோழன் பாங்கோவின் தனிமொழியில் இந்த வடக்கத்திப் பழஞ்சொல் வருகிறது. அதே காட்சியில் கொஞ்சம் தள்ளி மாக்பெத், லத்தீன் வழி வந்த ‘ஃபேட்’டைப் பெயர் சொல்லிக் களத்துக்குக் கூப்பிட்டுத் தன்னோடு மோதச் சொல்கிறான். பாங்கோவுக்கு ஒரு சொல், மாக்பெத்துக்கு வேறொரு சொல். ஷேக்ஸ்பியர் அதைத் தெரிந்தே செய்தாரா? நீ என்ன நினைக்கிறாய் என்று அடுத்த கடிதத்தில் எழுது.

அன்புடன்,
உன் சித்தப்பா