கடற்கரை வளர்ந்ததா, அளவுகோல் மாறியதா?



போன மாதம் கடலோரக் கிளஸ்டர் கூட்டம். சேமிப்பு, கடன் வசூல் எல்லாம் முடிந்து தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்துப் போடுகிற நேரம். ஒரு அக்கா கேட்டார்: "இந்தியாவுக்குக் கடற்கரை மூவாயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர் கூடிப்போச்சுன்னு எம்மவ சொல்றா. நாங்க கருவாடு காயப்போடுற இடத்தைக் கடல் தின்னுக்கிட்டே வருது. கூடுன கரை எங்கம்மா இருக்கு?" எல்லோரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. எனக்கும் அன்றைக்குச் சரியாகப் பதில் சொல்லத் தெரியவில்லை. படித்துப் பார்த்துவிட்டு இதை எழுதுகிறேன்.

அந்தப் பெண் சொன்னது உண்மைதான். பல வருடங்களாகப் பள்ளிப் புத்தகங்களில் இந்தியாவின் கடற்கரை நீளம் 7,516.6 கிலோமீட்டர் என்று இருந்தது. 2024 டிசம்பரில் வெளிவந்த மத்திய உள்துறை அமைச்சக அறிக்கை அதை 11,098.81 கிலோமீட்டர் என்றது. நம் தமிழ்நாடு 906.9-லிருந்து 1,068.69 ஆனது. மேற்கு வங்காளம்தான் ஆச்சரியம்: 157.5-லிருந்து 721.02. நான்கு மடங்குக்கும் மேல்! ஆனால் அங்கே யாருக்கும் புதிதாக ஒரு சென்ட் மண்கூடக் கிடைக்கவில்லை.

எப்படி என்பதற்குப் பூக்காரம்மாவை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே பூச்சரம்தான். கை நீளமானவர் அளந்தால் எட்டு முழம், கை குட்டையானவர் அளந்தால் ஒன்பது முழம். ஆனாலும் சரத்தை இழுத்துப் பிடித்து ஸ்கேல் வைத்தால் இரண்டு பேருக்கும் ஒரே சென்டிமீட்டர்தான் வரும். கடற்கரையில் அதுவும் நடக்காது. அதுதான் விஷயமே.

இதைப் புரிந்துகொள்ள ஒரு குழுவோடு அவர்கள் ஊர் ஊருணியைச் சுற்றி அளந்து பார்த்தோம். முதலில் 10 மீட்டர் கயிறு. இரண்டு பேர் ஆளுக்கொரு முனையைக் கரையில் வைத்து, விறைப்பாகப் பிடித்துக்கொண்டே சுற்றினார்கள். 14 கயிறு, அதாவது 140 மீட்டர் வந்தது. அடுத்து 1 மீட்டர் குச்சியை அதே கரையில் புரட்டிப் புரட்டிப் போனோம். 171 மீட்டர்! "எண்ணுறதுல தப்பு"ன்னு சொல்லி மறுபடியும் எண்ணினோம். தப்பு இல்லை. கயிறு ஒரே நேராகத் தாண்டிவிட்ட சின்னச் சின்ன வளைவு, மாடு இறங்குகிற பள்ளம், துணி துவைக்கிற கல் பக்கத்துக் குடைவு எல்லாவற்றுக்குள்ளும் குச்சி புகுந்து வந்திருக்கிறது. சாண் வைத்து அளந்தால் இன்னும் கூடும். எறும்பு ஒன்று கரை ஓரமாகவே ஊர்ந்து போனால் அதற்கு அந்த ஊருணி எத்தனை நீளமோ!

வரைபடத்திலும் இதே கதைதான். பழைய கணக்கு 1970-களில் எடுத்தது. 45 லட்சத்துக்கு ஒன்று என்ற அளவுள்ள வரைபடம். அதில் 1 சென்டிமீட்டர் என்பது தரையில் 45 கிலோமீட்டர். பிச்சாவரத்தின் உப்பங்கழிகள் அதில் ஒரு பேனாக் கோட்டுக்குள் மறைந்துவிடும். புதுக் கணக்கு எடுத்த வரைபடத்தில் 1 சென்டிமீட்டர் என்பது இரண்டரைக் கிலோமீட்டர். கழிமுகம், முகத்துவாரம், தீவு எல்லாம் அதில் வளைந்து நெளிந்து தெரியும். சுந்தரவனம் முழுக்க ஆறும் கழியுமாகப் பின்னிக் கிடப்பதால்தான் மேற்கு வங்காளத்துக்கு அவ்வளவு ஏற்றம். கேரளாவின் கரை ஏறக்குறைய நேராக இருக்கிறது, அங்கே 569.7 என்பது 600.15 ஆனதோடு சரி.

இதை முதலில் கவனித்துச் சொன்னவர்களில் ஒருவர் லூயி ரிச்சர்ட்சன் என்ற ஆங்கிலேயர். அவர் இதைக் கண்டது கடலை ஆராய்ந்து அல்ல. நாடுகள் ஏன் சண்டை போடுகின்றன, எல்லை நீளமாக இருந்தால் சண்டை கூடுமா என்று கணக்குப் பார்த்தவர். ஒரே எல்லைக்கு ஸ்பெயினும் போர்ச்சுகலும் வேறு வேறு நீளம் சொல்லியிருந்தன: 987 கிலோமீட்டர், 1,214 கிலோமீட்டர். பொய் சொன்னது யார் என்று தேடிப் போனவருக்கு, கோல் சின்னதாகச் சின்னதாக நீளம் கூடிக்கொண்டே போகும் என்பது தெரிந்தது. (நம்ம ஊர் வரப்புத் தகராறுக்கும் இப்படி ஒருத்தர் வந்தால் தேவலை.)

ஆகவே அக்காவுக்குப் பதில்: கரை கூடவில்லை, கோல் சின்னதாகியிருக்கிறது. ஆனால் இதோடு விட்டுவிட முடியாது. புதுச்சேரியைப் பாருங்கள். அங்கே 47.6 என்பது 42.65 ஆகக் குறைந்திருக்கிறது. கோல் சின்னதானால் கூடத்தானே வேண்டும்? கோடு எங்கே போடுகிறோம் என்பது மாறினாலும், கரையே மாறினாலும் கணக்கு மாறும். 1990 முதல் 2018 வரை பார்த்த தேசிய கடலோர ஆராய்ச்சி மையம், நாட்டின் பெருநிலக் கரையில் சுமார் மூன்றில் ஒரு பங்கு அரிப்பில் இருக்கிறது என்று சொல்லியிருக்கிறது. நீளம் கூடியது என்ற செய்தியும் உண்மை, அக்காவின் களம் கரைவதும் உண்மை. ஒன்றைக் காட்டி இன்னொன்றை யாராவது மறுத்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

நமக்கு வேண்டியது நாட்டின் நீளம் இல்லை, நம் களத்தின் அகலம். அந்த 1 சென்டிமீட்டருக்கு இரண்டரைக் கிலோமீட்டர் வரைபடத்தில் கருவாட்டுக் களம் ஒரு புள்ளியாகக்கூடத் தெரியாது. கடற்கரை ஒழுங்குமுறைக்கு 2011-ல் வந்த அறிவிக்கை, மீனவர் கிராமம், பொது இடம், மீன் காயவைக்கும் களம் எல்லாவற்றையும் புல எண் தெரிகிற பெரிய வரைபடத்தில் குறிக்க வேண்டும் என்றது. 2019-ல் அதற்குப் பதில் வேறு அறிவிக்கை வந்துவிட்டது. உங்கள் களம் வரைபடத்தில் இருக்கிறதா என்று கிராம சபையில் கேளுங்கள். வாயால் கேட்டால் போதாது, மனுவாகக் கொடுங்கள்.

மனுவோடு வைக்க நம் கையில் ஒரு கணக்கு வேண்டும். அகலத்தை நேர்க்கோட்டில் அளப்பதால் கயிறு, குச்சிப் பிரச்சினை இதில் வராது. அசையாத ஒரு இடத்தைப் பிடியுங்கள்: பள்ளிக்கூடச் சுவர், கோயில் மதில் மாதிரி. கரையோரத் தென்னை வேண்டாம், அதுவே போய்விடலாம். பெயின்டில் அடையாளம் போட்டு, அங்கிருந்து கடலை நோக்கி நேராக டேப் பிடியுங்கள். அலை அடிக்கிற இடம் வரை அளக்காதீர்கள், அது நிமிஷத்துக்கு நிமிஷம் மாறும். தண்ணீர் அதிகமாக ஏறின இடத்தில் பாசியும் சருகும் ஒரு வரியாக ஒதுங்கிக் கிடக்கும் அல்லவா, அதுவரை அளக்க வேண்டும். அமாவாசை, பௌர்ணமி இரண்டு நாளும், ஒரே மூன்று இடத்தில். தேதி, அளந்தவர் பெயர், அன்று கடல் எப்படி இருந்தது என்று நோட்டில் எழுதுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் மணல் போய், கோடையில் கொஞ்சம் திரும்பி வரும். அதனால் ஐப்பசியைப் பங்குனியோடு ஒப்பிடாதீர்கள், அடுத்த வருஷ ஐப்பசியோடு ஒப்பிடுங்கள்.

30 மீட்டர் டேப் ஒன்று கூட்டமைப்பு அலுவலகத்தில் இருக்கிறது. வரும் அமாவாசைக்கு முன்னால் குழுப் பிரதிநிதி கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளலாம். அளந்து முடித்ததும் டேப்பை நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்துக் கொடுங்கள், உப்புக்குத் துருப்பிடித்துவிடும்.