சைலன்சரை மாற்றுமுன் பெட்ரோல் பைப்பைப் பாருங்கள்

கெங்குவார்பட்டியைச் சுற்றிப் பட்டறைத் தொழில் செய்கிறவனுக்கு வண்டியின் குறைகளைக் கொடைக்கானல் மலைப்பாதையே காட்டிக் கொடுத்துவிடும். காட் ரோடு பிரிவில் திரும்பியதும் ஏற்றம் தொடங்குகிறது. அங்கிருந்து கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரம் வரை இரண்டாவது, மூன்றாவது கியரிலேயே இழுத்தாக வேண்டும். தேனி ரோட்டில் மாதக்கணக்கில் தெரியாமல் கிடக்கும் கோளாறு இந்த ஏற்றத்தில் அரை மணி நேரத்தில் வெளியே வந்துவிடும்.

பழைய பெட்ரோல் ஜீப், ஜிப்சி வைத்திருக்கும் தம்பிகள் என்னிடம் அதிகம் சொல்வது இதுதான்: "அண்ணே, டம் டம் பாறையில நிறுத்தி தலையாறு அருவியப் பாத்துட்டு வந்தோம். செல்ஃப் நல்லா சுத்துது, வண்டி மட்டும் எடுக்க மாட்டேங்குது." குனிந்து பார்த்தால் கம்பெனி சைலன்சர் இருக்காது. அகலமான பைப்பை வளைத்து வெல்டிங் வைத்துப் புதிதாக மாட்டியிருப்பார்கள். அது பெட்ரோல் பைப்பை உரசாத குறையாகப் போய்க்கொண்டிருக்கும்.

ஓடும்போது வராத தொல்லை நிறுத்தியபின் ஏன் வருகிறது? ஓடுகிற வரை அடியில் காற்று வீசுகிறது, குளிர்ந்த பெட்ரோலும் பைப்பில் ஓடிக்கொண்டே இருக்கிறது. எஞ்சினை அணைத்ததும் இரண்டும் நின்றுவிடுகின்றன. ஏற்றத்தில் 500 டிகிரியைத் தாண்டிக் காய்ந்த மேனிஃபோல்டின் சூடு முழுவதும் பக்கத்தில் இருப்பதன்மேல் இறங்குகிறது. பெட்ரோலின் லேசான பகுதிகள் 40 டிகிரிக்குள்ளேயே கொதிக்கத் தொடங்கிவிடும். உயரம் கூடக் கூடக் காற்றழுத்தம் குறைவதால் இன்னும் சீக்கிரம் கொதிக்கும். பைப்புக்குள் ஆவி அடைத்துக்கொண்டால் கார்புரேட்டர் வண்டியின் பம்ப்பால் பெட்ரோலை இழுக்க முடியாது. அம்பாசிடர் காலத்து டிரைவர்கள் பம்ப்பின்மேல் ஈரத்துணி சுற்றியது இதற்காகத்தான்.

வண்டி நின்றுபோவது சின்னத் தொல்லை. சூட்டில் ரப்பர் ஹோஸ் இறுகி, வெடித்து, சொட்ட ஆரம்பித்தால்தான் எனக்குப் பயம். பெட்ரோல் ஆவி சுமார் 250 டிகிரியிலிருந்தே தீப்பொறி இல்லாமலும் பற்றக்கூடும். டீசல் வண்டிக்காரர்களும் அலட்சியமாக இருக்கக் கூடாது. டீசல் எளிதில் ஆவியாகாதுதான், ஆனால் தானே பற்றிக்கொள்ள அதற்கு 210 டிகிரி அளவே போதும். 2010-ல் டாடா நானோ கார்கள் சில தீப்பிடித்தபோது, அந்த நிறுவனமே சைலன்சர் பகுதிக்கும் மின் இணைப்புகளுக்கும் கூடுதல் பாதுகாப்பை இலவசமாகப் பொருத்தித் தர முன்வந்தது. கம்பெனியில் கணக்குப் பார்த்துச் செய்த வண்டிக்கே அந்தக் கவலை என்றால், பட்டறையில் வளைத்த பைப்புக்கு எவ்வளவு கவனம் வேண்டும்!

முதல் வேலை, பெட்ரோல் பைப்பைச் சூட்டிலிருந்து விலக்குவது. முடிந்தால் சைலன்சர் ஒரு பக்கம், பெட்ரோல் பைப் சேஸியின் எதிர்ப்பக்கம். சேஸி இரும்பின் உள்பக்கமாகக் கொண்டுபோனால் கல் அடியும் படாது. ஒரே பக்கம்தான் போயாக வேண்டுமென்றால் நான்கு அங்குல இடைவெளிக்குக் குறைய விடமாட்டேன். அதற்கும் வழியில்லாத இடத்தில் மட்டும், நடுவில் அலுமினியத் தகடு. தகடு இரண்டு பக்கமும் ஒட்டாமல், காற்று போய்வர இடம் விட்டு நிற்க வேண்டும். சைலன்சர்மேல் துணி மாதிரி சுற்றும் வெப்பத் தடுப்பு நாடாவை மட்டுமே நம்பி வருகிறார்கள். மழையில் நனைந்தால் அது ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு உள்ளேயே பைப்பைத் துருப்பிடிக்க வைக்கும். இடைவெளி விட்டபின் கூடுதலாகச் சுற்றலாம், இடைவெளிக்குப் பதிலாக வேண்டாம்.

நீளமான ஓட்டம் முழுவதும் இரும்பு டியூப்பாக இருக்கட்டும். செம்பு டியூப் கையாலேயே வளைகிறது என்பதால் பலருக்கும் அதுதான் பிடிக்கும். ஆனால் அதிர்வில் செம்பு நாளாக நாளாக இறுகி, வளைவிலும் வாயிலும் கீறல் விடும். ரப்பர் ஹோஸ் எஞ்சின் ஆடுகிற இடத்திலும் டேங்க் பக்கத்திலும் மட்டும், குட்டையாக. இன்ஜெக்‌ஷன் வண்டியில் பெட்ரோல் ஏறத்தாழ 3 பார் அழுத்தத்தில் வருகிறது. கார்புரேட்டர் வண்டிக்கான ஹோஸ் அதைத் தாங்காது. ஹோஸின் மேலேயே 'ஜே30 ஆர்9' என்று அச்சிட்டிருக்கிறதா என்று படித்துப் பார்த்து வாங்குங்கள். இப்போது பங்க்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் அதில் ஊறி உப்பிவிடும். ஆகவே, பழைய ஹோஸை வெட்டித் திரும்ப மாட்டும் சிக்கனம் வேண்டாம்.

எந்த இணைப்பும் சைலன்சருக்கு நேர் மேலே வரக்கூடாது. பெட்ரோல் ஃபில்டரும்தான், அதை மேனிஃபோல்டுக்கு மேலே தொங்கவிட்ட வண்டிகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் பதறுகிறது. ரிட்டர்ன் பைப்பையும் பிரேக் பைப்பையும் மறந்துவிடாதீர்கள். சூடேறிய பிரேக் ஆயில் கொதித்தால், மலை இறங்கும்போது பெடல் தரைக்குப் போய்விடும்.

டியூப்பை ஓர் அடிக்கு ஒரு கிளாம்ப் வைத்து, ரப்பர் உறையோடு பிடியுங்கள். பிளாஸ்டிக் டேக் சூட்டில் இளகிவிடும். பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிய பிறகே வேலையைத் தொடங்குங்கள். டேங்க் வண்டியில் இருக்கும்போது பக்கத்தில் வெல்டிங் கூடவே கூடாது. காலி டேங்க் என்று சொல்லிக்கொண்டு வருவார்கள். அதற்குள் நிற்கும் ஆவிதான் நிறைந்த டேங்க்கைவிட ஆபத்தானது.

சத்தத்துக்காக மட்டும் சைலன்சர் மாற்றுகிறவர்களுக்கு நான் வேலை செய்வதில்லை. கம்பெனி விவரக்குறிப்பை மீறி வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. துருப்பிடித்துப்போன பழைய வண்டிக்கு அதே பாகம் கிடைக்காமல் வருகிறவர்களுக்கு, கம்பெனி போட்ட வழித்தடத்திலேயே புது பைப்பை வளைத்துத் தருவேன்.

வேலை முடிந்ததும் வீட்டுக்கு ஓட்டிப் போய்விடாதீர்கள். ஏற்றத்தில் கொஞ்ச தூரம் போய், அகலமான இடத்தில் நிறுத்தி உடனே ஒருமுறை அடியில் பாருங்கள். பத்து நிமிடம் கழித்து, எஞ்சின் சூடு முழுக்கப் பைப்பின்மேல் ஏறியிருக்கும் நேரத்தில், மறுபடி பாருங்கள். மறுநாள் காலை எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது கிளிப்புகளை இன்னொரு முறை இறுக்குங்கள்.

இரண்டு கிலோ பவுடர் தீயணைப்பான் டிரைவர் கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். வளைவில் பெட்ரோல் வாசனை வந்தால் ஓரங்கட்டி, சாவியை அணைத்து, எல்லோரையும் இறக்கித் தள்ளி நிற்க வையுங்கள். பானெட்டுக்குள் புகை தெரிந்தால் அதை விரியத் திறக்காதீர்கள். காற்று புகுந்து தீ எழும்பும். லேசாகத் தூக்கி அந்தச் சந்து வழியாகவே பவுடரை அடியுங்கள். அடங்கவில்லையென்றால் வண்டியை விட்டு விலகி 112-ஐ அழையுங்கள்.